பல்லி சொல்லாத பெயர்

டாக்டர் கரிவரதன் அந்தக் கருவிக்கு 'இதய சாரதி' என்று பெயர் சூட்டி, குத்துவிளக்கு ஏற்றி, தேரோட்டிக்கும் அறுவை மருத்துவருக்கும் உள்ள பதினோரு ஒற்றுமைகளைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். விழா முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே அதற்குப் பல்லி என்று பெயர் வந்துவிட்டது. வைத்தது யார் என்று தெரியாது. பார்த்தவர் யாரும் வேறு பெயர் வைத்திருக்கவும் முடியாது. உள்ளங்கை அகலம், நான்கு கால்கள், ஒவ்வொரு கால் நுனியிலும் காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்னக் கிண்ணங்கள். துடிக்கிற இதயத்தின் மேல் வைத்தால் சுவரில் இருப்பதுபோல அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, கணக்குத் தப்பும்போது 'டிக் டிக் டிக்' என்று சத்தம் வேறு போடும்.

அந்தச் சத்தத்தை வேறு மாதிரி வைத்திருக்கலாம். ஒரு மணி, ஒரு விசில், ஏதாவது. வெளிநாட்டு என்ஜினீயர்களுக்குத் தமிழ்நாட்டுச் சுவர்களைப் பற்றி என்ன தெரியும்?

பூங்கோதைக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்தாறு வருஷம் இதய நுரையீரல் இயந்திரத்தோடு போனது. இதயத்தை நிறுத்திவைத்துத் தைத்த காலம் அது. நிறுத்தியிருக்கும் நேரமெல்லாம் உடம்பின் ரத்தத்தை வெளியே இழுத்து, காற்றூட்டி, சூடு பார்த்து, திரும்ப உள்ளே அனுப்பும் இயந்திரத்தை அவள்தான் ஓட்டினாள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் அவள் பார்த்துக்கொண்டிருந்த குழாய்களில் உயிரோடு இருந்தார்கள். அதில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. பல்லி வந்ததும் இதயத்தை நிறுத்தும் வேலையே இல்லாமல் போயிற்று. இயந்திரத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஆப்பரேஷன் தியேட்டர் மூலையில் தள்ளினார்கள். பூங்கோதையைத் தள்ள மூலை கிடைக்கவில்லை. ஆகவே 'இதய மொழி ஒருங்கிணைப்பாளர்' என்று ஒரு பதவியை உண்டாக்கி, விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். பல்லிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது வேலை.

என்ன பாடம் என்பதை, சொன்ன உடனே புரிந்துகொண்டவர் ராமாத்தாள் ஒருவர்தான்.

ராமாத்தாள், நோயாளி பரிதிவாணனின் மனைவி. பரிதிவாணன் பட்டிமன்ற நடுவர், 'நாநலச் செம்மல்', 'முத்தமிழ் முழக்கம்', 'கொங்கு நாட்டின் குரல்வளை'. கடைசிப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் யோசித்துக் கொடுத்தார்களா என்று தெரியவில்லை. அட்மிஷன் படிவத்தில் அவர் பெயர் ஆறுச்சாமி, வயது அறுபத்தெட்டு. இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்றில் அடைப்பு. நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. முழு மயக்கம் கொடுத்தால் எழுப்ப உத்தரவாதம் இல்லை, பழைய இயந்திரத்தில் போட்டால் கழற்ற உத்தரவாதம் இல்லை, சும்மா விட்டால் தைப்பொங்கலைப் பார்க்க உத்தரவாதம் இல்லை. கழுத்துக்குக் கீழே மரக்கச் செய்து, ஆள் விழித்திருக்கும்போதே, இதயம் துடிக்கும்போதே தைப்பது ஒன்றுதான் வழி.

"துடிக்கறப்பவே எப்படிங்க அம்மிணி தைப்பாங்க?" என்று முதல் நாளே கேட்டார் ராமாத்தாள். "கோழிய உசுரோட புடிச்சு றெக்கையில பூத்தையல் போடற மாதரயல்ல இருக்குது?"

"ஓடுற பஸ்ஸுக்குப் பக்கத்துலயே இன்னொரு பஸ் அதே வேகத்துல ஓடினா எப்படி இருக்கும்மா? ஜன்னல் வழியா பாத்தா அந்த பஸ் நிக்கிற மாதிரி தெரியும்ல?"

"ஆமாங். கைய நீட்டிப் பொட்டலங்கூட வாங்கலாம்."

"அவ்வளவுதான். இதயம் எப்படி ஆடுதோ அப்படியே டாக்டரோட ஊசியும் ஆடும், அதைப் பாக்குற கேமராவும் ஆடும். டாக்டர் கண்ணுக்கு இதயம் போட்டோ மாதிரி நிக்கும். ஆட்டுறது பல்லி."

"அடுத்த துடிப்பு எப்ப வருமுன்னு அதுக்கு முன்னாடியே தெரியோணுமுங்களே?"

பூங்கோதை அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்வியைக் கேட்க டாக்டர் கரிவரதனின் உதவி மருத்துவர்களுக்கு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

"தெரியணும். அதுக்குத்தான் மூணு நாள் பாடம். நெஞ்சு மேல பல்லியோட சேர்ந்த இந்த வில்லையை ஒட்டிட்டு நான் பேசிக்கிட்டே இருப்பேன். அவர் நெஞ்சு எப்ப சீரா போகுது, எதைக் கேட்டா துள்ளுதுன்னு பல்லி படிச்சுக்கும். துள்ளினா டிக்னு சொல்லும். அந்த வார்த்தையை நான் எழுதி வெச்சுக்குவேன். ஆப்பரேஷன் நேரத்துல அதை யாரும் பேசக் கூடாது. அவர் முழிச்சிருப்பாரு பாருங்க."

ராமாத்தாள் வில்லையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப மனசுல இருக்கறத அது சொல்லீருமுங்களா?" என்றார்.

வந்துவிட்டது. எல்லோரும் வந்து நிற்கும் இடம் அதுதான்.

"சொல்லாதும்மா. பயம், கோபம், ஆசை, பல்வலி எல்லாத்துக்கும் ஒரே டிக்தான். அதுக்கு வித்தியாசம் தெரியாது."

இதை அவள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். யாரும் நம்பவில்லை. பேச்சுக்கு நடுவில் பல்லி சொன்னால் அது சத்தியம் என்று மூன்று தட்டுத் தட்டுகிற ஊரில், நெஞ்சின் மேலேயே ஒட்டிக்கொண்டு பல்லி சொன்னால் எப்படி நம்பாமல் இருப்பார்கள்? பொள்ளாச்சி ஆள் ஒருவருக்கு 'கிரேஸ்' என்ற பெயரில் டிக் டிக் என்றது. வெளியே காதை வைத்துக்கொண்டிருந்த மனைவி அன்றைக்கே பெட்டியைத் தூக்கினாள். கிரேஸ், அவருக்கு மூன்று கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய டாக்டர். அந்த அம்மாளே நேரில் போய்ச் சொல்லியும் போனவள் திரும்பவில்லை. கல்யாணத் தரகர்கள் இரண்டு பேர் ரிசப்ஷனில் வந்து, மாப்பிள்ளைப் பையனுக்குப் பல்லி வைத்துப் பார்க்க முடியுமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். நிர்வாகம் அறைக்குத் தடித்த கண்ணாடிக் கதவு போட்டு, 'உறவினர்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதி ஒட்டியது.

பரிதிவாணன் அந்த விதியை ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி செய்தார். "யாரு, இவளா? இவ இருந்தா என்ன, பீரோ இருந்தா என்ன? மூலையில கிடக்கட்டும் விடுங்க."

ராமாத்தாள் மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவரைக்காய் ஆய ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்கு அவரைக்காய் கொண்டுவந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"எழுதிக்கொள்ளுங்கள்," என்றார் பரிதிவாணன், கட்டிலில் சாய்ந்தபடி, பட்டிமன்றத் தமிழில். "தமிழ் என்ற சொல்லை அறுவை அரங்கில் யாரும் உச்சரிக்கக் கூடாது. என் நெஞ்சம் தாங்காது. அறம், மானுடம், தாய்மண். இவையும் கூடாது."

"சரிங்கய்யா. ஒண்ணொண்ணா சொல்லிப் பாக்கட்டுமா? தமிழ்."

சத்தமில்லை.

"அறம்."

சத்தமில்லை.

"தாய்மண்."

ஏசி மட்டும் உறுமிற்று.

"வில்லை சரியா ஒட்டலியோ?" என்றார் பரிதிவாணன், தமிழ் சற்றே இறங்கி.

"நல்லாத்தான் ஒட்டியிருக்குங்கய்யா. மைக்."

டிக் டிக்.

"மைக் வேலை செய்யலை."

டிக் டிக் டிக் டிக்.

"நேரமாச்சு, சுருக்கமா முடிங்க."

பல்லி நிறுத்த முடியாமல் கத்தியது. மூலையிலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. ராமாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"இந்தா, என்ன சிரிப்பு?"

"ஏனுங், ஒண்ணுமில்லீங்."

மூன்று நாளும் இப்படித்தான் போயிற்று. பூங்கோதையின் நோட்டில் அறுபத்தெட்டு வார்த்தைகள் சேர்ந்தன. 'பொன்னாடை' சேர்ந்தது. எதிரணியில் பேசும் உடுமலைக்காரர் ஒருவரின் பெயர் இரண்டு நட்சத்திரத்தோடு சேர்ந்தது. 'அவரைக்காய்' கூடச் சேர்ந்தது, அது வெறுப்பு. நடுநடுவே, "இந்தா, தண்ணி." "ஏனுங், இதா." "இந்தா, கண்ணாடி எங்க?" "ஏனுங், உங்க நெத்தி மேல." சுவர்க் கடிகாரத்தின் சத்தம்போல அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பூங்கோதை அதைக் காதில் வாங்கவில்லை. கடிகாரச் சத்தத்தை யார் நோட்டில் எழுதுவார்கள்?

மூன்றாம் நாள் சாயந்திரம் வில்லையைக் கழற்றப் போகும்போது ராமாத்தாள் எழுந்து வந்தார். "அம்மிணி, ஒரு பேரு உட்டுப்போச்சுங்க."

"யார் பேரும்மா?"

"என்ற பேரு."

மறுத்திருக்கலாம். பூங்கோதை பிறகு பல தடவை நினைத்தாள், அந்த இடத்தில் மறுத்திருக்கலாம் என்று. ஆனால் அந்த அம்மாள் கேட்ட விதத்தில், சின்னப் பிள்ளை பரீட்சை மார்க் கேட்பதுபோல ஒன்று இருந்தது. அவளும் அசட்டுத் தைரியத்தில் சொல்லிவிட்டாள்.

"ராமாத்தாள்."

சத்தமில்லை.

"இன்னொருக்கா சொல்லுங்க. அவிய காது கொஞ்சம் மந்தம்."

"ராமாத்தாள்!"

வில்லை பச்சை விளக்கோடு ஒரு சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. பரிதிவாணன் கூரையைப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு மெஷினு..." என்று தொடங்கி, மேடை ஏறிய நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

"செரி," என்றார் ராமாத்தாள். போய் உட்கார்ந்து மிச்ச அவரைக்காயை ஆய்ந்தார். உடுமலைக்காரருக்குப் பல்லி சொன்னது எட்டுத் தடவை, பொன்னாடைக்கு மூன்று தடவை, அவரைக்காய்க்கு இரண்டு தடவை. அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆப்பரேஷன். எட்டு மணிக்கு ராமாத்தாள் காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். புருஷனுக்குத் தலை வாரிவிட்டார். பிறகு ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு பூங்கோதையிடம் வந்தார்.

"காங்கயத்துல என்ற தம்பி ஊடு இருக்குதுங். போறனுங்க. முடிஞ்சா போன் பண்ணுங்க. இருந்தாலும் பண்ணுங்க, இல்லீன்னாலும் பண்ணுங்க."

"அம்மா, அது வெறும் மெஷினும்மா. நான்தான் சொன்னேன்ல..."

"மெஷினுக்கென்னுங், ஓரவஞ்சனையா?" என்றார் ராமாத்தாள். "நாப்பத்தி நாலு வருசம் பீரோவாட்டவே இருந்துட்டனுங். பீரோவுக்குக் காத்தாடப் போகோணும் போல இருக்குது."

ஒன்பது நாற்பதுக்குப் பல்லி பரிதிவாணனின் இதயத்தின் மேல் உட்கார்ந்தது. பெரிய திரையில் இதயம் குலுங்கிக்கொண்டிருந்தது. பல்லி நாலைந்து துடிப்புகளை மோந்து பார்த்தது. பிறகு சட்டென்று படம் நின்றது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் கணத்தில் பூங்கோதையின் கண் மூலையிலிருந்த பழைய இயந்திரத்துக்குப் போகும். இருபத்தாறு வருஷம் இதயம் நின்றால் தன் கையில் பொறுப்பு என்று இருந்தவள். இப்போது திரையில் நிற்பது, உள்ளே நிற்காமல் துடிக்கிற இதயம்.

"பாருங்கள்," என்றார் டாக்டர் கரிவரதன், கண்ணாடிக்கு அப்பால் நின்ற விருந்தினர்களுக்கு. சேலத்திலிருந்து நான்கு மருத்துவர்கள் வந்திருந்தார்கள். "காலத்தை நிறுத்திவிட்டேன்."

முதல் குழாய் அழகாக முடிந்தது. இரண்டாவதற்கும், அடைப்புள்ள குழாயை நூலால் இறுக்கி ரத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் ஒட்டுக்குழாயைத் தைக்க வேண்டும். இறுக்கின குழாய் பதினைந்து நிமிஷம் தாங்கும். அதற்குமேல் அந்தப் பக்கத்து இதயச் சதை செத்துப்போகும். டாக்டர் இறுக்கினார். சுவரில் நேரம் ஓட ஆரம்பித்தது.

ஊசிகளை எடுத்துக் கொடுக்கும் பிலோமினா சிஸ்டர், பழைய ஊசியைப் பின்னால் நின்ற நர்ஸிடம் நீட்டினாள். "இந்தா."

டிக் டிக் டிக்.

திரை குலுங்கியது. ஊசி தானாக மேலே எழும்பிக்கொண்டது. கணக்குத் தப்பினால் பல்லி ஊசியைத் தூக்கிவிடும், இல்லாவிட்டால் இதயத்தைக் கிழித்துவிடும்.

"யார் பேசியது?" என்று சீறினார் டாக்டர். "பட்டியலைப் படிக்கவில்லையா?"

"பட்டியல்ல இருக்குற எதையும் யாரும் சொல்லலை டாக்டர்," என்றாள் பூங்கோதை.

படம் நின்றது. இரண்டு தையல் போட்டார். பிலோமினா பஞ்சை நீட்டினாள். "இந்தா, பிடி."

டிக் டிக் டிக் டிக்.

இந்தத் தடவை பூங்கோதை சத்தத்தைக் கேட்கவில்லை, திரையில் ஓடிய கோட்டைப் பார்த்தாள். துள்ளல் இல்லை அது. துள்ளல் என்றால் துடிப்பு முன்னால் வரும். இங்கே பின்னால் வந்திருந்தது. ஒரு துடிப்பு முடிந்து, அடுத்தது வர வேண்டிய இடத்தில் வராமல், அரை நொடி நின்று, சரி இனி வராது என்று தெரிந்ததுபோல அவசரமாக நான்கு துடிப்பு. நெஞ்சு எதற்காகவோ காத்திருந்தது.

"சிஸ்டர், பேசாதீங்க. வாயே திறக்காதீங்க."

பிலோமினா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அதற்குள் துணிமறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பியது. பாதி மயக்கத்தில், மேடை எல்லாம் கழன்றுபோன குரல்.

"இந்தா..."

டிக் டிக் டிக்.

"இந்தா... எங்க போயிட்ட... இந்தா..."

பல்லி விடாமல் கத்தியது. ஊசி மேலேயே நின்றது. நேரம்: ஐந்து நிமிஷம் நாற்பது நொடி.

"அவரைத் தூங்க வையுங்கள்!"

"தூங்க வெச்சா மூச்சு நின்னுடும் சார்," என்றார் மயக்க மருத்துவர்.

டாக்டர் கரிவரதன் கண்ணாடிக்கு அப்பால் ஒரு தடவை பார்த்தார். சேலத்துக்காரர்கள் நான்கு பேரும் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "பூங்கோதை," என்றார். பல்லி வந்த பதினொரு மாதத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உங்கள் மெஷின். எவ்வளவு நேரத்தில் தயார் பண்ணுவீர்கள்?"

அவள் ஏற்கெனவே மூலையில் நின்றாள். பிளாஸ்டிக் உறையின் முனை கையில் இருந்தது. இந்த வாக்கியத்துக்காகப் பதினொரு மாதம் காத்திருந்தவள் அவள். உறையை உருவி, குழாய்களை நிரப்பி, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எல்லோரும் பார்க்க ஓட்டிக் காட்டினால் போதும். உறை பாதி உருவப்பட்டு நின்றது. இந்த நுரையீரலை இயந்திரத்தில் போட்டால் கழற்ற முடியாது என்பது அந்த அறையில் அவளுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

"இந்தா..." என்றது துணிக்கு அந்தப் பக்கம்.

இந்தா, தண்ணி. ஏனுங், இதா. இந்தா, கண்ணாடி. ஏனுங், நெத்தி மேல.

பூங்கோதை உறையை விட்டுவிட்டுப் போய் அவர் காதருகே குனிந்தாள். "என்னங்க?" என்றாள்.

டிக் டிக் டிக். அவள் தூத்துக்குடிக்காரி. ஆள் வேறு என்று அந்த நெஞ்சுக்கு எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிட்டது.

"போன்," என்றாள். "யாராவது என் போனை எடுங்க. ராமாத்தாள்னு போட்டிருக்கும். ஸ்பீக்கர்ல போட்டு இவர் காதுகிட்ட பிடிங்க."

"தியேட்டருக்குள் போனா?" என்றார் டாக்டர் கரிவரதன்.

"ஏழு நிமிஷம் ஆச்சு டாக்டர்."

மணி அடித்தது. எடுத்தபோது ஹாரன் சத்தமும், 'சூலூர் ஏறங்கறதெல்லாம் முன்னாடி வா' என்று கண்டக்டர் குரலும் முதலில் வந்தன.

"சொல்லுங் அம்மிணி. போயிட்டாருங்களா?"

"இருக்கார்ம்மா. உங்களைக் கூப்பிடுறார். நீங்க பதில் சொல்லணும். அவ்வளவுதான்."

"நானுங்களா?" பஸ் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் ஏறியது. "பேரச் சொன்னா அசையாத நெஞ்சு, என்ற கொரலுக்கு அசையப்போகுதுங்களா?"

"அசையக் கூடாதும்மா! அசையக் கூடாதுன்னுதான் கூப்பிடுறேன்!"

பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறும் சத்தம் கேட்டது.

"இந்தா..." என்றார் ஆறுச்சாமி.

"ஏனுங்," என்றார் ராமாத்தாள்.

யோசித்துச் சொன்னதில்லை. நாற்பத்து நான்கு வருஷ வாய் தானாகச் சொன்னது. பல்லி வாயை மூடியது. திரையில் இதயம் சுவரில் மாட்டிய படம்போல நின்றது. ஊசி இறங்கியது.

"இந்தா..."

"ஏனுங், இங்கதான் இருக்கறனுங்."

டாக்டர் தைத்தார். எட்டு நிமிஷம். ஒன்பது. கண்டக்டர் யாரையோ திட்டினான். பக்கத்து இருக்கையில் ஒரு பெண், "யாருங்க்கா போன்ல?" என்று கேட்டாள். "எங்க ஊட்டுக்காரரு, நெஞ்சத் தொறந்து வெச்சுட்டுப் பேசறாருங்" என்றார் ராமாத்தாள். வரலாற்றில் இதைச் சொன்ன எல்லோரையும்விட உண்மையாக.

பத்தாவது நிமிஷம் குரல் உடைந்தது. "இந்தா" என்ற அழைப்புக்கு, "ஏ... ங்..." என்று ஏதோ வந்து அறுந்தது. டிக் டிக் டிக். ஊசி எழும்பியது.

"டவர் போகுதும்மா! பஸ் ஓடுறதால போகுது!"

பிறகு எங்கோ தூரத்தில் "நிறுத்துங், வண்டிய நிறுத்துங்!" என்று ஒரு கத்தல். விசில். கதவு சத்தம். அப்புறம் ஒயர்கூடை தரையில் வைக்கிற சத்தம், காற்று, லாரிகள். திருச்சி ரோட்டோரத்தில் எங்கேயோ ஒரு புளியமரமோ, ஒரு டீக்கடைப் பந்தலோ.

"ஏனுங்," என்றது குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணாடிபோலத் தெளிவாக. "ஏறங்கிட்டனுங். கூப்புடுங்."

பதிமூன்று நிமிஷம் பத்து நொடியில் முடிச்சு விழுந்தது. நூலை அவிழ்த்ததும் ரத்தம் மறுபடி ஓடிற்று. மூன்றாவது குழாய்க்கும் ராமாத்தாள் அங்கேயே வெயிலில் நின்று நாற்பது நிமிஷம் பதில் சொன்னார்.

சேலத்துக்காரர்களோடு டீ குடிக்கும்போது டாக்டர் கரிவரதன் அதற்குக் 'கரிவரதன் குரல்வழி நிலைப்படுத்தல்' என்று பெயர் வைத்துவிட்டார். டெல்லி மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரையில் ராமாத்தாள் 'வெளிப்புற ஒலி ஆதாரம்' என்று இரண்டு இடங்களில் வந்தார். பிளாஸ்டிக் உறையைப் பூங்கோதையே மறுபடி இழுத்து மூடினாள்.

ஐந்தாம் நாள் பரிதிவாணனை வார்டுக்கு மாற்றினார்கள். சுவரில் 'கிருமியற்ற வளாகம்: தங்கத் தரம்' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கிய அறை, ஆஸ்பத்திரியின் பெருமை. ராமாத்தாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை கொத்தவரங்காய்.

"அம்மிணி, ஒரு சந்தேகமுங்க," என்றார், பூங்கோதை உள்ளே வந்ததும். "அன்னைக்கு என்ற பேருக்கு அது ஏன் சொல்லலீங்?"

பூங்கோதை இதைப் பற்றி ஐந்து நாளாக யோசித்திருந்தாள். "அவர் நெஞ்சுக்கு அந்தப் பேரு தெரியாதும்மா. நாப்பத்தி நாலு வருஷத்துல ஒரு தடவையாவது உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காரா?"

ராமாத்தாள் யோசித்தார். "கல்யாணப் பத்திரிகையில படிச்சிருப்பாருங்."

"அந்த நெஞ்சுல உங்க பேரு 'இந்தா'தான். அதுக்கு நீங்க பதில் சொல்லி முடிச்சாத்தான் அடுத்த துடிப்பு. மூணு நாளும் நீங்க பக்கத்துலயே இருந்து சொல்லிக்கிட்டே இருந்தீங்களா, பல்லி அதையும் சேத்துத்தான் கணக்குப் போட்டு வெச்சுக்கிச்சு. எனக்குத்தான் எழுதத் தெரியலை. தப்பு என்னோடது."

"எனக்குத் தெரியும் இவ பேரு," என்றார் பரிதிவாணன் கட்டிலிலிருந்து. தையல் இழுக்கும் என்று மெதுவாகத்தான் பேசினார். "தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சா கூப்புடுங் பாக்கலாம்," என்றார் ராமாத்தாள்.

கொங்கு நாட்டின் குரல்வளை கனைத்துக்கொண்டது. பத்தாயிரம் பேர் முன்னால் மைக் இல்லாமல் பேசிய மனிதர் வாயைத் திறந்தார், மூடினார், தண்ணீர் டம்ளரைப் பார்த்தார், பூங்கோதை வெளியே போவாளா என்று பார்த்தார். அவள் போகவில்லை. அவர் காது நுனி சிவந்துவிட்டது.

"ரா... ராமாத்தா."

ராமாத்தாள் பதில் சொல்லவில்லை. கொத்தவரங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக அவரைக் காக்க வைத்தார்.

டிக் டிக் டிக் டிக்.

ராமாத்தாளின் முகம் மலர்ந்த விதத்தைப் பூங்கோதை பார்த்தாள். "கேட்டீங்களா அம்மிணி? சொல்லீருச்சு!"

பூங்கோதை அவர் நெஞ்சைப் பார்த்தாள். கட்டுத்துணி மட்டும்தான் இருந்தது. வில்லையைக் கழற்றி ஐந்து நாள் ஆகிறது. அதுவும் பல்லிக் கருவியும் கீழே இரண்டாம் மாடியில் பூட்டின அலமாரியில் இருக்கின்றன. மெதுவாகக் கண்ணை உயர்த்தினாள். தங்கத் தரச் சான்றிதழின் சட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வால் நுனி வெளியே நீண்டு, ஆடி, உள்ளே இழுத்துக்கொண்டது.

விதிப்படி உடனே துப்புரவுப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். ராமாத்தாளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு இதய மொழி ஒருங்கிணைப்பாளர் இரண்டையும் செய்வார்.

பூங்கோதை கட்டிலின் இரும்பு விளிம்பில் மூன்று தடவை தட்டினாள்.

"ஏனுங்," என்றார் ராமாத்தாள், புருஷனைப் பார்த்து.